கைவயரிங் வால்வு ஆம்பா, பிசிபி ஆம்பா? வாங்கும் முன் பின்பலகையைத் திறந்து பாருங்கள்

“அண்ணா, வால்வு ஆம்ப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கையால வயரிங் பண்ணினது வாங்கட்டா, ஃபேக்டரி ஆம்பே போதுமா?”

கிடார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேள்வி நியாயமானது. வால்வு ஆம்ப் என்றால் கிடாரின் ஒலியைக் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளால் பெருக்கும் பெட்டி. ஃபேக்டரி ஆம்ப் பெரும்பாலும் பிசிபியில், அதாவது செம்புத் தடங்களை அச்சிட்ட போர்டில், கட்டியது; கைவயரிங்கில் ஒவ்வொரு வயரையும் கையால் இணைப்பார்கள். ஒரே சர்க்யூட், ஒரே வாட், சில நேரம் ஒரே கம்பெனிப் பெயர்கூட இருக்கும். ஆனால் ‘கைவயரிங்’ என்ற ஒரு சொல் சேர்ந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடுகிறது. அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? நல்ல நாதமா, நீண்ட ஆயுளா, இரண்டுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஆயுளுக்கும் ரிப்பேர் வசதிக்கும் போகிறது. நாதத்துக்குப் போவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. இதை நான் புரிந்துகொண்டது ஒரு ஆம்ப் பழுதான பிறகுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில், இரண்டாவது பாட்டின் நடுவில் என் ஆம்ப் நின்றுபோனது. பிசிபியில் கட்டிய 15 வாட் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். பழைய வால்வு ரேடியோக்களெல்லாம் பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பின்பலகையைக் கழற்றி, ஆம்பை ஆன் செய்து, ஒரு மூங்கில் குச்சியால் போர்டை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். பவர் வால்வு சாக்கெட்டின் பக்கத்தில் குச்சி பட்டதும் ஸ்பீக்கர் ‘சட்சட்’ என்றது. ஆம்பை அணைத்து, கண்டென்சர்களின் சார்ஜை இறக்கிவிட்டு, போர்டைத் திருப்பி லென்ஸில் காட்டினார். சாக்கெட்டின் கால் போர்டில் இறங்கும் இடத்தில், ஈயத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய ஒரு வட்ட விரிசல். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

“வால்வு சூடாகுது, ஆறுது, திரும்ப சூடாகுது. இதுல நீங்க வேற வால்வைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுறீங்க. அந்த அழுத்தம் மொத்தமும் இந்தச் சின்ன ஈயத்து மேலதான் தம்பி விழுது” என்றார்.

ஆம்புகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சூடும் அழுத்தமும் எதன் மேல் விழுகின்றன?

கையால் கட்டியது என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று வகைகள் இருக்கின்றன. முதல் வகை ஐலெட் போர்டு. 1950களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை செய்த முறை இது. தடித்த ஃபைபர் அட்டையில் ஷூ கயிறு நுழையும் துளைக்கு இருப்பதுபோல உலோக வளையங்களை அடித்து, ரெசிஸ்டர், கண்டென்சர்களின் கால்களையும் வயர்களையும் அந்த வளையங்களில் செருகி ஈயம் வைப்பார்கள். வால்வு சாக்கெட், வால்யூம் கண்ட்ரோல், கேபிள் செருகும் ஜாக் எல்லாம் சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) நேரடியாக முடுக்கப்பட்டிருக்கும். போர்டிலிருந்து அவற்றுக்கு வயர் மட்டும்தான் போகும். ட்வீட் துணி மாதிரி உறை போட்ட அந்தக் கால ‘ட்வீட்’ ஆம்புகளைத் திறந்தால் சேசிஸின் உள்ளே ஒரு சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதில் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கும். அந்த ஆம்புக்கு ஈயம் வைத்தவர் அவர்.

அந்த டேப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. இன்று ‘கைவினை’ என்று பெரிய விலை சொல்லும் அந்த வேலை, அன்று அசெம்பிளி லைனில் ஒரு நாளில் பல முறை செய்த வேலை. யாரும் அதை மந்திரமாக நினைக்கவில்லை. அன்றைக்கு ஆம்ப் கட்ட அதுதான் வழக்கமான வழி. ஆனால் அந்தப் பெண்கள் வைத்த ஈயம் 60, 70 வருடம் கழித்தும் பல ஆம்புகளில் அப்படியே உறுதியாக நிற்கிறது.

அந்த ஃபைபர் அட்டைக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெழுகில் தோய்த்திருந்தாலும் காலப்போக்கில் அட்டையின் ஊடாகவே கொஞ்சம் மின்சாரம் கசியத் தொடங்கும். கரகரப்பு வரும், வோல்டேஜ் இருக்கக்கூடாத இடத்தில் வோல்டேஜ் காட்டும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் இருப்பவர்கள் பழைய ட்வீட் ஆம்பையோ, அதே அட்டையைப் போட்டு ‘அசல் மாதிரியே’ செய்ததையோ வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று கவனமாகக் கட்டுபவர்கள் பலர் கண்ணாடியிழை எபாக்ஸி போர்டுக்கு மாறிவிட்டார்கள். அது ஈரத்தை இழுக்காது.

இரண்டாவது வகை டரட் போர்டு. வளையத்துக்குப் பதில் நெல்மணி அளவில் சின்ன உலோகத் தூண்கள் போர்டில் அறையப்பட்டிருக்கும். வயரைத் தூணைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டு ஈயம் வைப்பார்கள். ஈயம் போனாலும் வயர் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் டேவ் ரீவ்ஸ் தொடங்கிய ஹைவாட் ஆம்புகளின் உட்புறத்தை ஒருமுறையாவது படத்தில் பாருங்கள். வயர்கள் எல்லாம் செங்கோணத்தில் மடங்கி, கட்டுக்கட்டாக, ராணுவ உபகரணம்போல் இருக்கும். அந்த வயரிங்கை உருவாக்கியவர் ஹாரி ஜாய்ஸ். தி ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்ஷெண்டும் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மரும் வருடக்கணக்காக மேடைகளில் அந்த ஆம்புகளை ஓட்டினார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மூன்றாவது, போர்டே இல்லாத வகை. சேசிஸில் பொருத்திய டேக் ஸ்ட்ரிப்புகளுக்கும் (உலோக முனைகள் வரிசையாக நிற்கும் சின்னப் பட்டைகள்) சாக்கெட் கால்களுக்கும் நடுவில் பாகங்களை நேரடியாகத் தொங்கவிட்டு ஈயம் வைப்பது. பழைய வாக்ஸ் ஆம்புகள் டேக் ஸ்ட்ரிப்பில் கட்டியவை. பிற்காலத்தில் அமெரிக்காவில் மேட்ச்லெஸ் கம்பெனி இதே வழியில் போனது. பார்க்க அழகு. ஆனால் ஒரு பாகத்தை மாற்ற நான்கு பாகங்களை நகர்த்த வேண்டியிருக்கும். ரிப்பேர் செய்பவரைக் கேட்டால் டரட் போர்டுக்குத்தான் ஓட்டு போடுவார். நானும் அப்படித்தான்.

சரி, இதில் நாதம் எங்கே வருகிறது?

1962இல் லண்டனின் ஹான்வெல்லில் இருந்த ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் ஒரு ஆம்பைக் கட்டினார்கள். அவர்கள் முன்னால் வைத்துக்கொண்டது ஃபெண்டர் பேஸ்மேனின் 5எஃப்6-ஏ சர்க்யூட். கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதுதான் ஜேடிஎம்45. இரண்டும் கையால் வயரிங் செய்தவை, இரண்டுக்கும் சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் இரண்டின் குரலும் வேறு. ஏன்?

முதல் சாக்கெட்டில் ஃபெண்டர் 12ஏஒய்7 வால்வு போட்டது, மார்ஷல் அதைவிட அதிகமாகப் பெருக்கும் இசிசி83 போட்டது. டிரான்ஸ்பார்மர்கள் இங்கிலாந்தில் கிடைத்தவை. பவர் வால்வுகளும் சீக்கிரமே கேடி66க்கு மாறின. எல்லாவற்றுக்கும் மேலே, பேஸ்மேன் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்களில் பேசியது. மார்ஷல் பின்பக்கம் மூடிய கேபினெட்டில் நான்கு 12 அங்குல செலஸ்டியன்களில் பேசியது. பலரும் ‘மார்ஷல் நாதம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த மாற்றங்களிலிருந்து வந்தது. வயரை யார் எப்படிச் சுற்றினார்கள் என்பது அதில் சிறு பங்கு.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 1970களின் நடுவில் மார்ஷல் பிசிபிக்கு மாறிவிட்டது. 1981இல் வந்த ஜேசிஎம்800 முழுக்க பிசிபிதான். அந்தப் பத்தாண்டின் ராக் கிடார் நாதம் என்று நாம் காதில் வைத்திருப்பதில் பெரும்பங்கு அதனுடையது. பிசிபி நாதத்தைக் கொல்லும் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வயர் போகும் வழி நாதத்தைப் பாதிக்கவே பாதிக்காது என்றும் சொல்லவில்லை. அதிகமாகப் பெருக்கும் ஆம்பில் உள்ளே நுழையும் வயரும் வெளியே போகும் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஆம்ப் ஊளையிடும். வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட் வயர்களை இறுக்கி முறுக்காமல் விட்டால் ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஹம் வரும். டிரெயின்ரெக் ஆம்புகளைக் கட்டிய கென் ஃபிஷர் வயரின் நீளத்திலும் அது போகும் பாதையிலும் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர். அவர் ஆம்புகளுக்கு வரிசை எண் போடவில்லை, பெண்களின் பெயர்களை வைத்தார். அந்த அளவுக்கு ஒவ்வொன்றும் அவருக்குத் தனி. ஆனால் இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. கென் ஃபிஷர் கையால் கட்டியதும், போன மாதம் ஈயம் வைக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் கையால் கட்டியதும் ‘கைவயரிங்’ என்ற ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. பிசிபியில் பாதையை ஒருமுறை ஒழுங்காக வரைந்துவிட்டால் ஆயிரமாவது ஆம்பும் முதல் ஆம்பு மாதிரியே இருக்கும். அது சின்ன விஷயமில்லை.

பாகங்களைப் பற்றியும் கொஞ்சம். இணையத்தில் கண்டென்சர் பிராண்டுகளுக்காகச் சண்டை நடக்கிறது. என் காதுக்கு பிராண்டைவிட மதிப்புதான் முக்கியம். 0.1 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.022 போட்டுப் பாருங்கள், அடிநாதம் உடனே மெலிந்து இறுகும். அதை யாரும் கேட்டுச் சொல்லலாம். கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் பழைய ஆம்புகளில் இருந்ததால் அவற்றுக்கு இன்றும் ஒரு மவுசு. ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் அவற்றின் மதிப்பு நகரும், இரைச்சலும் அதிகம். மேடைக்குக் கொண்டுபோகும் ஆம்பில் நான் மெட்டல் ஃபிலிம்தான் போடுவேன்.

உண்மையில் பணத்தைக் கொட்ட வேண்டிய பாகம் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். பவர் வால்வுகள் தருவது அதிக வோல்டேஜ், குறைந்த கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது அந்த இரும்புக் கட்டிதான். இரும்பு போதாமல் போனால் கீழ் ஸ்வரங்கள் குழைந்துவிடும். தடித்த கம்பியைத் தட்டும்போது ‘தொம்’ என்று வர வேண்டியது ‘பொத்’ என்று வரும். நல்ல கைவயரிங் ஆம்பில் விலையின் ஒரு பங்கு இங்கே போயிருக்கும். மலிவான ஃபேக்டரி ஆம்பில் முதலில் சிக்கனம் பிடிப்பதும் இங்கேதான். கடையில் ஒரே வாட் உள்ள இரண்டு ஆம்புகளைத் தூக்கிப் பாருங்கள். கனம் ஓரளவு உண்மையைச் சொல்லும்.

ஆயுளுக்கு வருவோம். கையால் கட்டினாலே நீடிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் வாக்ஸ் ஏசி30ஐக் காட்டுவேன். அற்புதமான ஆம்ப். ஆனால் நான்கு இஎல்84 வால்வுகள் நெருக்கமாக நின்று, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஏறக்குறைய முழுச் சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த அனல் பக்கத்திலிருக்கும் பாகங்களை எல்லாம் வாட்டும். அதைக் கையால் கட்டியிருந்தாலும் சூடு அதன் வேலையைச் செய்தது. அதேபோல ஆரம்ப ஜேடிஎம்45கள் அலுமினிய சேசிஸில் வந்தன. டிரான்ஸ்பார்மரின் கனத்தில் அவை தொய்ந்ததால் பிறகு எஃகுக்கு மாறினார்கள்.

இன்னொரு பக்கம், நன்றாகக் கட்டிய பிசிபி ஆம்ப் ஒன்று எப்படி இருக்கும்? போர்டு தடிப்பாக இருக்கும். துளைகளின் உட்சுவர் வரை செம்பு பூசியிருக்கும். அதிகம் சூடாகும் பெரிய ரெசிஸ்டர்கள் போர்டைத் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் நிற்கும். முக்கியமாக, பவர் வால்வு சாக்கெட்டுகள் போர்டில் இல்லாமல் சேசிஸில் முடுக்கப்பட்டு, அங்கிருந்து போர்டுக்கு வயர் வரும். ஜாக்குகளும் உலோக நட்டு போட்டு சேசிஸோடு பிடித்திருக்கும். இப்படி ஒரு ஆம்ப் கிடைத்தால் அது பிசிபி என்பதற்காக நான் ஒதுக்க மாட்டேன். என் கல்லூரி மேடை ஆம்பில் இதில் ஒன்றுகூட இல்லை. வால்வைப் பிடுங்கும்போது போர்டே வளைந்தது. ஜாக்கில் யாராவது கேபிளை மிதித்தால் அந்த அடி நேராக ஈயத்துக்குத்தான் போனது.

ரிப்பேர் என்று வரும்போது கைவயரிங் எளிதாக ஜெயிக்கிறது. டரட் போர்டு ஆம்பில் ஒரு ரெசிஸ்டர் போனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மதிப்பை வாங்கி, போர்டைக் கழற்றாமலேயே பத்து நிமிடத்தில் மாற்றலாம். மெல்லிய பிசிபியில் இரண்டு மூன்று முறை சூடு வைத்தால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். எந்த வகையானாலும் மின்னாற்பகுப்பு கண்டென்சர்கள் 10, 20 வருடத்தில் காய்ந்துபோகும், பவர் வால்வுகள் தேயும். ஆகவே ஆம்பை ஒருநாள் திறந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் ஆம்ப் கட்டிய அலெக்சாண்டர் டம்பிளின் ஆம்புகளை எவ்வளவு மதித்தாலும், சர்க்யூட்டை யாரும் பார்க்கக்கூடாது என்று அவர் எபாக்ஸி ஊற்றி மூடிய பழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. பின்னால் ரிப்பேர் செய்யப்போகிறவரின் கையை முன்கூட்டியே கட்டிவைப்பது அது.

நம் ஊரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நண்பர் மூலம் வரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்ததா, 230க்கா என்று பின்தகட்டைப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 220 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் கவனம் வேண்டும். நம் வீட்டு லைன் சில நேரம் 245ஐத் தொடும். அப்போது 6.3 வோல்ட் வர வேண்டிய இழைக்கு 7 வோல்ட் போகும். பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் வால்வின் ஆயுள் குறையும். ஆம்ப் கட்டித் தருபவரிடம் 230, 240 இரண்டு வோல்டேஜுக்கும் தனித்தனி இணைப்பு முனை (டேப்) உள்ள டிரான்ஸ்பார்மர் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆர்டர் கொடுத்துக் கட்டுவதில் இப்படி ஒரு லாபம் உண்டு. ஃபேக்டரி ஆம்பில் நாம் கேட்டு வாங்க முடியாது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: கிட், அதாவது பாகங்கள் மொத்தமாக அடங்கிய பெட்டி, வாங்கி நாமே கட்டுவது. ஃபெண்டர் டீலக்ஸின் 5இ3 சர்க்யூட்டைத்தான் பெரும்பாலோர் முதலில் எடுப்பார்கள். இரண்டு 6வி6 பவர் வால்வுகள், 12 வாட்டுக்குப் பக்கம், போர்டில் அதிகப் பாகங்கள் இல்லை. நான் அப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். கைவயரிங் ஆம்புக்கு மிகக் குறைந்த செலவில் போகும் வழி அதுதான். பிறகு வரும் எந்தப் பழுதுக்கும் பயப்படத் தேவையில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வயரையும் நாம்தான் வைத்திருப்போம். ஆனால் தயவுசெய்து இதைக் கேளுங்கள். உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். உயிரை எடுக்கக்கூடியது. ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்ஜியத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். முதல்முறை பவர் கொடுக்கும்போது பழைய குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் முதல் கிட்டைத் தனியாகக் கட்ட வேண்டாம்.

அப்புறம், வீட்டில் மட்டும் வாசிப்பவர்கள் கைவயரிங்குக்காகக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரளவு நல்ல பிசிபி ஆம்ப் வாங்கி, மிச்சப்பட்ட பணத்தில் ஸ்பீக்கரை மாற்றினால் காதுக்குக் கிடைக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. வாரம் இரண்டு மூன்று மேடை, வேனில் பயணம், வாசிப்பே வருமானம் என்றால் டரட் போர்டில் கட்டிய ஆம்புக்குக் காசு போடலாம். அதையும் காம்போவாக வாங்காமல் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனி, ஸ்பீக்கர் கேபினெட் தனி என்று வாங்குங்கள். காம்போவில் ஸ்பீக்கரின் அதிர்வு முழுவதும் பக்கத்திலேயே தொங்கும் வால்வுகளை உலுக்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கேட்ட தம்பி வாடகை வீட்டில் இருக்கிறான், மாதம் இரண்டு நிகழ்ச்சி. கையில் இருந்த பணத்துக்குப் புதிய கைவயரிங் ஆம்ப் ஒன்று மட்டும் வரும், வேறு எதற்கும் மிஞ்சாது. விற்பவர் வீட்டுக்கே அவனோடு போனேன். பழைய பிசிபி ஹெட் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பலகையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தோம். பவர் சாக்கெட்டுகள் நான்கு திருகில் சேசிஸோடு இருந்தன, ஜாக்குகளில் உலோக நட்டு இருந்தது, டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கருகிய தடம் இல்லை. அதை வாங்கினான். மிச்சப் பணத்தில் ஒரு 12 அங்குல செலஸ்டியன் போட்ட கேபினெட், ஒரு ஜோடி ஸ்பேர் பவர் வால்வு, பத்து பியூஸ்.